கோல்ஃபும் யூடியூப் வாத்தியார்களும் பின்னே ஒரு பம்புசெட்டும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, பாதியில விட்டு, டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு இது. போன மாசம் நடந்த ஒரு விஷயம் தூசி தட்ட வச்சிருச்சு. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க மக்களே.

முதல்ல ஒரு வாக்குமூலம். நான் கோல்ஃப் ஆடுறேன்.

சிரிச்சு முடிச்சாச்சா? சரி, மேல போவோம்.

பழனிசெட்டிபட்டிக்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேக்கறதுல தப்பே இல்ல. எனக்குத் தெரிஞ்ச விளையாட்டெல்லாம் முல்லைப் பெரியாறு தடுப்பணையில குதிக்கிறது, சித்திரையில வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு நடந்தே போய் ராட்டினம் சுத்துறது, கிட்டிப்புள் ஆடி அடுத்த வீட்டு ஓட்டை உடைச்சுட்டு ஓடி ஒளியறது, இவ்வளவுதான். டிவியில கோல்ஃப் வந்தா சேனலை மாத்துற வீடு எங்க வீடு.

2022ல பெங்களூரு ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டிருந்தப்ப, மேனேஜர் எங்க டீமையே ஒரு டிரைவிங் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஆளுக்கு ஒரு கூடை பந்து. நான் அடிச்ச முதல் இருபது பந்துல பாதி தரையிலயே உருண்டுச்சு. மீதியில சிலது நகரவே இல்ல, பந்துக்குப் பின்னாடி இருந்த மேட்தான் அடிவாங்குச்சு. இருபத்தொண்ணாவது பந்து மட்டும், ஏன்னே தெரியல, "டிக்"னு ஒரு சின்ன சத்தம். கையில எதுவுமே உணரல. பந்து மேல போச்சு, போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு. அவ்வளவுதான், கதை முடிஞ்சது. அந்த "டிக்"குக்காகத்தான் இத்தனை கூத்தும்.

அப்போ வேலை பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் ஊருல இருந்தே. செகண்ட் ஹேண்ட்ல ஒரு 7ஆம் நம்பர் அயர்ன் வாங்கினேன். கூடவே ரெண்டு டஜன் பழைய பந்து. மாமாவோட தென்னந்தோப்புல ரெண்டு மரத்துக்கு நடுவுல, வைகை அணைப் பக்கம் ஒருத்தர்கிட்ட வாங்கின பழைய மீன்வலையைக் கட்டினேன். முன்னாடி ஒரு கால்மிதியை விரிச்சேன். ஆச்சு கோல்ஃப் அகாடமி. மாமா வந்து கொஞ்ச நேரம் பாத்துட்டு, "என்ன மாப்ள, பாம்பு அடிக்கப் பழகுறியா?"ன்னாரு.

கோச்? அதான் பாக்கெட்லயே இருக்காரே. யூடியூப்.

இங்க ஒண்ணு சொல்லியாகணும். யூடியூப் வாத்தியார்கள் மேல எனக்கு இருந்தது சாதாரண நம்பிக்கை இல்ல, பக்தி. நான் படிச்ச பொறியியல் கல்லூரியில (பேரு வேணாம், பாவம்) நாலு வருசத்துல நான் எழுதின கோடை விட, ரெக்கார்டு நோட்டுல காப்பியடிச்ச கோடுதான் அதிகம். எனக்கு நிஜமாவே புரோக்ராமிங் சொல்லிக் கொடுத்தது என்பிடெல்ல வந்த ஐஐடி பேராசிரியர்களும், முகம் தெரியாத யார் யாரோ போட்ட இலவச வீடியோக்களும்தான். ஹாஸ்டல் மொட்டை மாடியில, ஆண்டெனா கம்பத்துல சாஞ்சுக்கிட்டு பாத்தது. இன்னிக்கு நான் சாப்பிடற சோறு அவங்க போட்டது. அதனால "ஆன்லைன்ல எல்லாம் கத்துக்க முடியாதுப்பா"ன்னு யாராவது சொன்னா சண்டைக்கே போவேன்.

கோல்ஃப்தான் அந்த பக்தியை முதல்முறையா அசைச்சுப் பாத்துச்சு.

என் வியாதிக்குப் பேரு ஸ்லைஸ். புதுசா ஆடறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல வர்ற வியாதின்னு எல்லா வாத்தியாரும் சொல்றாங்க. வலதுகைக்காரன் நேரா அடிச்சா, பந்து கொஞ்ச தூரம் ஒழுங்காப் போயிட்டு, அப்புறம் வாழைப்பழ வடிவத்துல வலது பக்கம் வளைஞ்சு காணாமப் போகும். தோப்புல வலை இருந்ததால எனக்கே இது தெரியாது. மாசம் ஒருதரம் பெங்களூருல ரேஞ்சுக்குப் போறப்பதான் குட்டு வெளிப்படும்.

உடனே தேடல். ஒருத்தர், "பிடி தப்பு, இடது கையை இன்னும் வலதுபக்கம் திருப்பிப் பிடி"ன்னாரு. பிடிச்சேன். இன்னொருத்தர், "வலது முழங்கையை விலாவுல ஒட்ட வை"ன்னாரு. வச்சேன். மூணாமவர், "தலையை அசைக்காதே". நாலாமவர், "தலையை அசைக்காம இருக்கறதுதான் உன் பிரச்சினையே". எல்லாருமே அழகாப் பேசறாங்க. எல்லார் வீடியோவுலயும் கடைசியில பந்து நேராப் போகுது. போகாதா பின்னே, அவங்க தொழில்முறை ஆட்டக்காரங்க. அவங்க முழங்கையை எங்க வச்சாலும் போகும்!

ஒரு கட்டத்துல பொறியியல் புத்தி விழிச்சுக்கிச்சு. அடிப்படை இயற்பியலையே படிப்போம்னு உக்காந்தேன். இந்த இடத்துல ஆன்லைன் வாத்தியார்களுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டாகணும். ஏன்னு சொல்றேன்.

பல வருசமா புத்தகங்கள்லயும் பயிற்சிக் கையேடுகள்லயும் என்ன சொல்லிட்டிருந்தாங்கன்னா, மட்டை எந்தத் திசையில வீசப்படுதோ பந்து அந்தத் திசையில கிளம்பும், மட்டையோட முகம் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் போய் முடியும்னு. 2003ல டென்மார்க்ல டிராக்மேன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. ரேடார் வச்சு பந்தையும் மட்டையையும் அளந்தாங்க. அளந்து பாத்தா விஷயம் கிட்டத்தட்ட தலைகீழ். பந்து கிளம்புற திசையைப் பெரும்பாலும் (சுமாரா 75 முதல் 85 சதவீதம்) தீர்மானிக்கிறது மட்டையோட முகம். முகத்துக்கும் வீசுற பாதைக்கும் இருக்கிற வித்தியாசம்தான் பந்தை வளைக்குது. நான் மட்டையை இடதுபக்கமா இழுத்து, முகத்தை நேரா வச்சா, பந்து நேராக் கிளம்பி வலதுபக்கம் வளையும். பழைய விதிப்படி வைத்தியம் பண்றேன்னு இன்னும் இடதுபக்கம் இழுத்தா? இன்னும் அதிகமா வளையும். மருந்தே வியாதி.

இந்த உண்மையை பெரிய பெரிய கிளப்போட சுவத்துக்குள்ள அடைச்சு வைக்காம, பழனிசெட்டிபட்டியில கால்மிதி மேல நிக்கிற எனக்கும் கொண்டு வந்து சேத்தது ஆன்லைன் ஆளுங்கதான். அந்தக் காலத்துல பக்கத்து கிளப் வாத்தியார் தப்பாச் சொன்னா, அதை சரிபாக்க வழியே கிடையாது.

அப்புறம் ஏன் எனக்கு சரியாகல?

கொஞ்சம் யோசிச்சதுல ஒரு காரணம் புரிஞ்சது. பென் ஹோகன்னு ஒரு அமெரிக்க மேதை. 1957ல அவர் எழுதின "ஃபைவ் லெசன்ஸ்" கோல்ஃப் உலகத்துக்கே வேதம் மாதிரி. ஆனா ஹோகனுக்கு ஆரம்பத்துல இருந்த வியாதி என்னோடதுக்கு நேரெதிர். அவரோட பந்து இடதுபக்கம் வளையும். அதுல இருந்து தப்பிக்க அவர் கண்டுபிடிச்ச வழிகள் அந்தப் புத்தகத்துல நிறைய. ஸ்லைஸ் அடிக்கிறவன் அதை அப்படியே குடிச்சா என்ன ஆகும்? அடுத்தவனோட மருந்துச் சீட்டை வச்சு மாத்திரை வாங்கித் தின்ன கதைதான். யூடியூப்ல நான் பாத்த நாலு பேரும் பொய் சொல்லல. நாலு பேரும் நாலு வேற வேற நோயாளிக்குச் சொன்னாங்க. நான் நாலையும் ஒண்ணாக் கலக்கிக் குடிச்சேன்.

இன்னொரு காரணமும் இருக்கு. மட்டை மேல இருந்து இறங்கி பந்தைத் தொடறதுக்கு ஆகற நேரம் சுமாரா கால் விநாடி. பந்தும் மட்டையும் ஒட்டியிருக்கிற நேரம் விநாடியில ரெண்டாயிரத்துல ஒரு பங்கு. இதுக்குள்ள முழங்கை, இடுப்பு, மணிக்கட்டு, தலைன்னு ஆறு விஷயத்தை யோசிக்கிறது, பிரேக்பாயின்ட்டே வைக்க முடியாத கோடை ஓடவிட்டு டீபக் பண்ற மாதிரி. 1999ல கேப்ரியேலே வுல்ஃப்ங்கிற ஆய்வாளரும் அவரோட கூட்டாளிகளும், புதுசா கோல்ஃப் பழகறவங்களை ரெண்டு குழுவாப் பிரிச்சுப் பாத்தாங்க. ஒரு குழுவுக்கு கையோட அசைவைக் கவனிக்கச் சொன்னாங்க, இன்னொரு குழுவுக்கு மட்டையோட அசைவைக் கவனிக்கச் சொன்னாங்க. மட்டையைக் கவனிச்சவங்கதான் குறி தப்பாம அடிச்சாங்க. நான் என்னடான்னா என் உடம்புல இருக்கிற ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனியா மீட்டிங் போட்டுக்கிட்டு இருந்தேன்.

எட்டு மாசம் இப்படியே ஓடுச்சு. கடைசியில ஒரு நாள் காலையில படுக்கையை விட்டு எந்திரிக்க முடியல. கீழ்முதுகு. டாக்டர், "என்ன தம்பி, மூட்டை தூக்கினீங்களா?"ன்னு கேட்டாரு. கோல்ஃப்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். மூணு வாரம் மட்டையைத் தொடல. அம்மா அந்த 7ஆம் நம்பர் அயர்னை வச்சு முருங்கைக்காய் பறிச்சிட்டிருந்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, ஸ்லைஸ் ஆகல.

"வீடியோ பாத்து ஒருத்தனும் உருப்பட்டதில்லையா?"ன்னு படுத்துக்கிட்டே தேடினேன். உருப்பட்டிருக்காங்க. கென்யாவோட ஜூலியஸ் யெகோ. ஓட்டக்காரங்க ஊருல பொறந்து, ஈட்டி எறிய ஆசைப்பட்டு, சொல்லிக் கொடுக்க ஆளில்லாம யூடியூப் பாத்தே பழகினவர். 2015ல பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப்ல 92.72 மீட்டர் எறிஞ்சு தங்கம். 2016 ரியோ ஒலிம்பிக்ல வெள்ளி. இந்தக் கதையை எல்லாரும் இதோட நிறுத்திடறாங்க. நடுவுல, 2011 ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டியில ஜெயிச்சதுக்கு அப்புறம், அவர் பின்லாந்துக்குப் போய் ஒரு கோச்சுகிட்ட பயிற்சி எடுத்தாரு. அதை யாரும் தலைப்புல போடறதில்ல.

நம்ம நாட்டுல எஸ்.எஸ்.பி. சௌரேசியா. அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்ல புல்தரை பராமரிக்கிற தொழிலாளி. 1829ல ஆரம்பிச்ச கிளப் அது, பிரிட்டனுக்கு வெளியே ரொம்பப் பழசு. பையன் அங்கயே கேடி வேலை பாத்து, உறுப்பினர்கள் ஆடறதைப் பாத்துப் பாத்தே பழகினவர். 2008ல இந்தியன் மாஸ்டர்ஸ், 2016லயும் 2017லயும் இந்தியன் ஓபன் ஜெயிச்சாரு. பெங்களூருல கேடியா இருந்த சின்னசாமி முனியப்பா 2009ல இந்தியன் ஓபன் ஜெயிச்சாரு. (கேடின்னா பை தூக்கிட்டு கூடவே வர்றவங்க. நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷன் போர்டுல போட்டோ ஒட்டியிருக்குமே, அந்தக் கேடி இல்ல!) இவங்களுக்கெல்லாம் வாத்தியார் இல்லதான். ஆனா சுத்தி நூறு கண்ணு இருந்துச்சு. தப்பா அடிச்சா சிரிக்க பக்கத்துல இன்னொரு பையன் இருந்தான்.

எனக்கு யாரு இருந்தா? வலை இருந்துச்சு.

முதுகு சரியானதும், கூட வேலை பாக்கிற நண்பன் ஒருத்தன், அவனோட சித்தப்பா மூலமா கொடைக்கானல் கோல்ஃப் கிளப்ல ஒரு நாள் ஆட ஏற்பாடு பண்ணினான். 1895ல தொடங்கின கிளப். பெரியகுளம், தேவதானப்பட்டி தாண்டி காட்ரோட்டுல இருந்து மலையேறினா, ரெண்டு மணி நேரத்துல வேற உலகம். மேகம் புல்தரை மேல உக்காந்திருக்கு. எனக்கோ வயித்துக்குள்ள ரோடு ரோலர். என்கூட வந்த கேடிக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். குல்லாவும் பழைய ஸ்வெட்டரும். பேச்சே இல்ல.

முதல் பந்து, வலதுபக்கம் காட்டுக்குள்ள. ரெண்டாவது, அதே காடு. மூணாவது அடிக்கிறதுக்கு முன்னாடி அவர் எனக்குப் பின்னாடி போய் நின்னு பாத்தாரு. அடிச்சு முடிச்சதும் மெதுவாக் கேட்டாரு.

"தம்பி, நீங்க பழகற இடத்துல வலதுகைப் பக்கம் ஏதும் சுவரு இருக்குங்களா?"

எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் ஓடல. அப்புறம்தான் உறைச்சுச்சு.

தோப்புல என் வலைக்கு வலதுபக்கம், பத்தடி தள்ளி, மாமாவோட பம்புசெட் ரூம் இருக்கு. ஓட்டுக்கூரை. மோட்டார் உள்ள. பந்து அதுமேல பட்டா மாமா என்னைத் தோலை உரிச்சிருவாரு. எட்டு மாசமா, எனக்கே தெரியாம, பம்புசெட்டுக்குப் பயந்து என் தோள் ரெண்டும் இடதுபக்கமாத் திரும்பியே நின்னிருக்கு. உடம்பு இடதுபக்கம் நிக்குது, மட்டை முகம் இலக்கைப் பாக்குது. ஸ்லைஸ் வராம என்ன வரும்? அது மேல வீடியோ பாத்து கையை மட்டும் வலதுபக்கம் வீச முயற்சி பண்ணியிருக்கேன். உடம்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நடுவுல மாட்டினது முதுகு.

நான் என்னையே செல்போன்ல வீடியோ எடுத்தும் பாத்திருக்கேன். போனையும் வரப்பு மேல கோணலாத்தான் வச்சிருக்கேன். அதனால படத்துல எல்லாம் நேராத் தெரிஞ்சிருக்கு. தப்பான டெஸ்ட் கேஸ் எழுதி, அது பாஸ் ஆயிருச்சுன்னு சந்தோசப்பட்ட மாதிரி.

அவர் ஒரு மட்டையை எடுத்து என் கால்விரலுக்கு முன்னாடி தரையில போட்டாரு. "இதுக்கு நேரா நில்லுங்க. வேற எதையும் யோசிக்காதீங்க." அவ்வளவுதான் பாடம். அன்னிக்கு ஒண்ணும் சௌரேசியா ஆயிடல. ஆனா ஏழாவது ஹோல்ல ஒருமுறை "டிக்". ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கேட்ட அதே "டிக்". பந்து நேரா மேகத்துக்குள்ள போச்சு. தரையில மட்டையைப் போட்டு நிக்கிற இந்த வித்தை யூடியூப்ல ஆயிரம் வீடியோவுல இருக்கு, நானே பாத்திருக்கேன். அது எனக்கான மருந்துன்னு சொல்லத்தான் ஆள் இல்ல. உலகத்துல எந்த ஆன்லைன் வாத்தியாருக்கும் எங்க மாமாவோட பம்புசெட் தெரியாது.

இதோட முடிஞ்சிருந்தா இது வெறும் கோல்ஃப் பதிவு. போன மாசம் நடந்ததைச் சொல்றேன்.

எங்க சித்தி பையன் ஒருத்தன். டிகிரி முடிச்சுட்டு வீட்டுல இருக்கான். ஆறு மாசத்துக்கு முன்னாடி, "அண்ணே, எனக்கும் உங்களை மாதிரி கம்ப்யூட்டர் வேலைக்குப் போகணும், சொல்லிக் குடுங்கண்ணே"ன்னான். நான் ரொம்பப் பெருந்தன்மையா வாட்ஸ்அப்ல 43 லிங்க் அனுப்பினேன். "இதை வரிசையாப் பாருடா, போதும். நானே இப்படித்தான் படிச்சேன்." அப்பப்ப "எப்படிடா போகுது?"ம்பேன். "போகுதுண்ணே"ம்பான். நானும் ஒரு தம்பிக்கு வாழ்க்கை காட்டிட்ட திருப்தியில இருந்தேன்.

போன மாசம் சித்தி போன் பண்ணி, அவன் ஒரு ஜவுளிக்கடையில வேலைக்குச் சேரப் போறான்னாங்க. ஜவுளிக்கடை வேலை கேவலம்னு சொல்லல. ஆனா ஏன் விட்டான்? ஞாயித்துக்கிழமை நேர்ல போனேன். "லேப்டாப்பைத் திற, நீ எழுதின கோடைக் காட்டு"ன்னேன். ரொம்பத் தயங்கினான்.

ஒண்ணுமே இல்ல. முதல் வீடியோவுல பைத்தான் இன்ஸ்டால் பண்ணச் சொன்னதைப் பண்ணியிருக்கான். ஒரு கட்டத்துல டிக் அடிக்க விட்டிருக்கான். அதனால பாத் செட் ஆகல. கட்டளை கொடுத்தா "அப்படி ஒண்ணும் இல்லையே"ன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. அதோட நின்னு போச்சு. ஆறு மாசமா ஒரு புரோக்ராம் கூட ஓட்டாம, 43 வீடியோவையும் சினிமா மாதிரி பாத்திருக்கான். நோட்டுல அழகா குறிப்பு வேற எடுத்து வச்சிருக்கான்.

"ஏண்டா எங்கிட்ட கேக்கல?"

"நீங்க பிஸியா இருப்பீங்கண்ணே. எல்லாரும் வீடியோ பாத்தே படிச்சிடறாங்க. எனக்குத்தான் மண்டையில ஏறலன்னு நினைச்சேன்."

சரி பண்ண பத்து நிமிசம் கூட ஆகல. முதல் வரி ஓடினப்ப அவன் முகத்தைப் பாத்தேன். அதுவும் ஒரு "டிக்"தான். எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ஹாஸ்டல் மாடியில நான் தனியாப் படிச்சதா நினைச்சுட்டிருந்தேன் பாருங்க, அது பொய். பக்கத்து ரூம் நண்பன் ஒருத்தன் ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து, "மச்சி, செமிகோலன் விட்டுட்டடா"ன்னு சொல்லிட்டுப் போவான். அவனை நான் கணக்குலயே சேக்கல. வாத்தியாருங்க பேரு மட்டும் ஞாபகம் இருந்துச்சு.

சரி, ஆன்லைன் கோல்ஃப் வாத்தியார்களைக் கேக்கலாமா வேண்டாமா? என் சிற்றறிவுக்கு எட்டினது:

1. தாராளமாக் கேளுங்க. பந்து ஏன் வளையுதுங்கிற "ஏன்"னுக்கு அவங்களை விட்டா நமக்கு நாதி இல்ல.

2. "இது இன்ன தப்பு பண்றவங்களுக்கு மட்டும், மத்தவங்க தொடாதீங்க"ன்னு சொல்றவரை நம்புங்க. எல்லாருக்கும் ஒரே மருந்து விக்கிறவரை நம்பாதீங்க.

3. ஒரு நேரத்துல ஒரு வாத்தியார், ஒரு மாற்றம். நாலு பேர் மருந்தைக் கலக்கினா என் முதுகு கதிதான்.

4. எவ்வளவு பாத்தாலும், ஒரே ஒருதரமாவது தெரிஞ்ச ஒருத்தரைப் பின்னாடி நின்னு பாக்கச் சொல்லுங்க. வீடியோவை நாம பாக்கலாம். வீடியோ நம்மளைப் பாக்காது.

நாலாவது பாயின்ட் எனக்கு நானே சொல்லிக்கிட்டது. இப்போ ஞாயித்துக்கிழமை காலையில தோப்புக்குத் தம்பியும் லேப்டாப்போட வர்றான். பம்புசெட் ரூம் திண்ணையில உக்காந்து அவன் கோடு எழுதறான், நான் பந்து அடிக்கிறேன். அவன் திணறினா நான் போய்ப் பாக்கறேன். என் தோள் இடதுபக்கம் திரும்பினா அவன் கத்துறான், "அண்ணே, பம்புசெட்டு!"ன்னு. ஜவுளிக்கடைக்கு அடுத்த மாசம் வர்றேன்னு சொல்லி வச்சிருக்கான். அதுக்குள்ள என்ன ஆகும்னு தெரியல. ஆனா இந்தத் தடவை, அவன் எங்க நிக்கிறான்னு எனக்குத் தெரியும்.

உங்க வாழ்க்கையில இருந்த பம்புசெட் எது, அதைப் பாத்துச் சொன்னது யாருன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: வலையை இப்போ வேற ரெண்டு மரத்துக்கு மாத்திட்டேன். புது இடத்துல வலதுபக்கம் மாமா வளக்கிற கன்னுக்குட்டி கட்டியிருக்கு. ஆண்டவன்தான் எங்க மூணு பேரையும் காப்பாத்தணும்.